குடிலின் இடது பலகையை அறுத்தவர்களுக்கு

நான் கட்டிய கிறிஸ்துமஸ் குடிலின் இடது பலகையை என்னைக் கேட்காமல் அறுத்துவிட்டார்கள்.

அதுவும் தேவாலய முகப்பிலேயே வைத்து. (எங்கள் சிகாமட் ஊர் நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். சிரித்தும் இருப்பீர்கள்.)

குடிலின் முன்பக்கம் ஒரு முக்கோணம். கீழே ஒரு பலகை, மேலே கூரையாகச் சாயும் இரண்டு பலகைகள். அந்த இரண்டும் ஒரே நீளம்.

இருசமபக்க முக்கோணத்தில் உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுவுக்குப் போகும் கோடும், அடிப்பக்கத்துக்குச் செங்குத்தாக இறங்கும் கோடும் ஒன்றுதான். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இதைப் புத்தகம் பார்த்து நானே படித்தேன்.

ஆகவே கீழ்ப்பலகையின் நடுவில் குழந்தை இயேசுவின் தொட்டிலையும் அதற்கு வலப்பக்கம் மாட்டுப் பொம்மையையும் வைத்தேன். உச்சியில் நூல் கட்டி நட்சத்திரத்தைத் தொங்கவிட்டேன்.

நட்சத்திரம் நான்கு விரல் வலப்பக்கம் தள்ளி நின்றது.

குடில் குழுச் செயலாளர் டேவிட் வந்து பார்த்தார்.

"என்னா அங்கிள், ஸ்டார் மாட்டுக்கு மேல நிக்குது? மூணு ராஜாவும் மாட்டையா கும்புட வராங்க?"

நடுவிலிருந்து உச்சிக்கு ஒரு குச்சி கட்டி மூலைமட்டம் வைத்தேன். தொண்ணூறு பாகை. அளவு நாடா பிடித்தேன். இரண்டு பக்கமும் சமம். நூல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

புத்தகம் தப்பா, நான் படித்தது தப்பா? சோறு இறங்கவில்லை.

மறுநாள் போனால் இடது பலகை குட்டையாகிக் கிடக்கிறது. நட்சத்திரம் தொட்டிலுக்கு மேல் வந்துவிட்டது. குடில்தான் ஒரு பக்கம் சரிந்த தொப்பி போல நிற்கிறது.

"கொஞ்சம்தான் அங்கிள் வெட்டுனோம். இப்ப கரெக்ட் லா."

"முக்கோணம் போச்சேப்பா."

"முக்கோணத்த யாரு பாக்கப் போறா?"

அப்போது முகப்பைக் கழுவ வந்த ரோசம்மா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் முழுதும் வலப்பக்கம் ஓடியது.

"கால எடுங்கண்ணே. மழத்தண்ணி நிக்கக் கூடாதுன்னு தரைய அப்படித்தான் சாச்சு போட்டுருக்காங்க."

என் குச்சி பலகைக்குச் செங்குத்து. நூலோ பூமியை நோக்கித் தொங்குகிறது. பலகை படுத்திருந்த தரையே சாய்வு என்றால் இரண்டும் எப்படி ஒன்றாகும்? (புத்தகத்தில் தரை சாய்வதே இல்லை. இன்னமும் எனக்குத் தலை சுற்றுகிறது.)

கிறிஸ்துமஸ் பூசைக்கு முன் நடக்க வேண்டியவை:

டேவிட், வலது பலகையின் நீளத்துக்கே புதிய இடது பலகை போட வேண்டும்.

வாட்ஸ்அப் குழுவில் சிரிப்பு முகம் அனுப்பியவர்கள் அதை அழிக்க வேண்டும்.

ஃபாதர், குடில் சரி, தரைதான் சாய்வு என்று அறிவிப்பு நேரத்தில் சொல்ல வேண்டும்.

வலது மூலைக்கு அடியில் ஆப்பு வைக்க வேண்டும். அதை நானே வைப்பேன். வேறு யாரும் ரம்பத்தோடு அந்தப் பக்கம் வர வேண்டாம்.