மஞ்சள் தண்ணீரில் கழுவிய செடி

என் ஃபைட்டர் மீனின் வால் கந்தலாகிக் கிடந்தது. வெள்ளவத்தை பிளாட்டில், சாமித்தட்டுக்குக் கீழே சின்னக் கண்ணாடித் தொட்டியொன்றில் அதை வளர்க்கிறேன். அழகுக்கு வைத்த பிளாஸ்டிக் செடிதான் வாலைக் கிழித்திருக்கிறது என்றாள் ஆபீசில் பக்கத்து மேசைக்காரி. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண், என்னைவிட இளையவள். அவளிடமும் ஒரு ஃபைட்டர் இருந்தது.

"கடையில வாங்காதீங்க அக்கா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வாங்க, என்ட தொட்டியிலயே பார்த்து எடுங்க."

போனேன். எனக்குப் பிடித்தது சிவப்பு இலைச் செடி. அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும், என் வீட்டு மூலையில் அழுகிவிடும் என்று தடுத்தாள். புல்லுப் போன்ற இன்னொன்று தொட்டியை அடைத்துவிடுமாம், மீனுக்கு நீந்த இடமிருக்காதாம். கடைசியில் கல்லோடு நூலால் கட்டியிருந்த அனுபியாஸ் செடியைத் தூக்கினாள். அகன்ற, வழுவழுப்பான இலைகள்.

"இதுக்கு மேலதான் என்ட ஆள் படுத்துத் தூங்குறவர். வேரை மட்டும் மண்ணுக்குள்ள புதைச்சிடாதீங்க."

தன் மீனின் படுக்கையையே எனக்குத் தருகிறாள் என்பது உறைக்கவில்லை. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி இருந்தது குசினியில், சமையல் மேடை ஓரத்தில். பக்கத்துப் பலகையில் பன்றியிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தவள், கையைச் சும்மா ஒரு தரம் அலசிவிட்டுத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். எங்கள் வீட்டில் மீன், ஆடு எல்லாம் உண்டு. பன்றி மட்டும் வாசல் தாண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் செடியைப் பேசினில் போட்டு மஞ்சளைக் கரைத்து ஊற்றினேன். சாதி சமயம் பார்க்காதவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவள்தான் நான். ஆனால் கை கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் வீடியோ கோல் எடுத்தாள், மீனுக்குச் செடி பிடித்ததா என்று பார்க்க.

"என்னக்கா அது, மஞ்சளா?"

"ஓம், கிருமி போகும். மீனுக்கும் நல்லது" என்றேன். கூச்சமே இல்லாமல் வந்தது பொய். பிறகு செடியை நன்றாக அலசித் தொட்டியில் வைத்தேன். என் மீன் சுகமாக இருந்தது.

அடுத்த கிழமை அவள் வீங்கிய கண்களோடு வேலைக்கு வந்தாள். அவளுடைய மீன் சோர்ந்து கிடந்திருக்கிறது. நான் சொன்னதை நம்பி மஞ்சளைத் தொட்டியிலேயே கரைத்துவிட்டிருக்கிறாள். விடிய எழும்பிப் பார்த்தால் மீன் மிதந்ததாம்.

"உங்களுக்குச் சரிவந்தது. எனக்குத்தான் கைப்பிழை. நீங்க எவ்வளவு போட்டீங்க அக்கா?"

அவள் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அது மருந்தில்லை. உம்மட குசினியில இருந்து வந்ததெண்டு கழுவினனான். சாமிக்குக் கீழ வைக்கிறதெல்லோ..."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கொம்பியூட்டர் திரையைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நத்தார் பண்டிகைக்கு நான் தந்த கேக்கை என்ன செஞ்சீங்க?"

"சாப்பிட்டனாங்கள்" என்றேன்.

அது சத்தியமான உண்மை. என் பிள்ளைகளோடு போட்டி போட்டுக் கடைசித் துண்டைத் தின்றவளே நான்தான். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். அவள் நம்பவில்லை.