பச்சை விளக்கு எரிந்தது, முன் சக்கரம் சுற்றவில்லை

போன வெள்ளிக்கிழமை காலையில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆறு மணிக்கு அப்பாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, ஹுன்னஸ்கிரியவுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கிளம்பினேன். எட்டரைக்குக் கண்டியில் அவருக்கு டயலிசிஸ்.

2. ஆறேகாலுக்கு, மெயின் ரோட்டுக்கு ஏறும் மூன்றாவது வளைவில், பின் சக்கரங்கள் சேற்றில் வழுக்க ஆரம்பித்தன.

3. நான்கு சக்கரங்களும் இழுப்பதற்கான லீவரைப் போட்டேன். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது.

4. ஜீப் ஏறவில்லை.

5. இறங்கியது. பின்பக்கமாக.

இன்று இதை நிதானமாக எழுதுகிறேன். அன்று முழு எடையையும் போட்டு பிரேக்கை மிதித்திருந்தேன். வலது பக்கப் பின் சக்கரத்துக்கும் ரோட்டின் விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கலாம். விளிம்புக்குக் கீழே தேயிலை. அதற்குக் கீழே பனி. பனிக்குக் கீழே என்ன என்று தெரியவில்லை... தெரியாததே நல்லது.

நமக்கு எங்கே குளிர்காலம் என்று கேட்பவர்கள் உண்டு. மார்கழியில் எங்கள் பக்கம் ஒருமுறை வந்து பாருங்கள். பனிக்கட்டி விழாதுதான். ஆனால் வாரக்கணக்கில் மழை, பத்தடிக்கு மேல் பார்வை போகாத மூட்டம், சவர்க்காரம் பூசியது போன்ற ரோடு. வெயில் காலத்தில் அப்பாவை த்ரீவீலில் கொண்டுபோகலாம். மழை தொடங்கிவிட்டால் த்ரீவீல்காரர் போனைக்கூட எடுக்க மாட்டார். அப்புறம் இந்த ஜீப்தான். என்னைவிட நான்கு வயது மூத்தது.

அதனால் ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் ஜீப்புக்கு ஒரு பட்டியல் போடுவேன். என்னைத் தெரிந்த வாசகர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. இந்த முறை பதினான்கு வரிகள். டயர் நான்கும் புதிது. வைப்பர் ரப்பர். பேட்டரி. காலைக் குளிரில் என்ஜின் பிடிக்க ஹீட்டர் பிளக். பிரேக். கண்ணாடியின் உட்பக்கம் மூட்டம் படியாமல் இருக்க ஷாம்பு தடவித் துடைப்பதுகூட ஒரு வரி. கடைசி வரி: 'ஃபோர் வீல் வேலை செய்கிறது.'

பதினான்குக்கும் பச்சைப் பேனாவால் சரி போட்டிருந்தேன். நானே. கையெழுத்தோடு.

ஜீப்பைப் பழுதுபார்ப்பவர் மடவளை ஊர் நிஸ்தார் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். புதன்கிழமை மாலை அவருடைய கராஜுக்குப் போனபோது அவர் தயங்கினார்.

"தங்கச்சி, முன் வீல் ரெண்டயும் இன்னம் கழட்டிப் பாக்கல்ல. ஜக்குல தூக்கி, நாலும் சுத்துதாண்டு பாத்துட்டுத் தாரன். ரெண்டு நாள் உட்டுட்டுப் போங்களே."

"நானா, வெள்ளிக்கிழமை அப்பாவைக் கொண்டுபோகணும். செவ்வாய்க்கிழமை டயலிசிஸ் ஒண்ணு தவறிப்போச்சு."

அதுதான் விஷயம். செவ்வாய்க்கிழமை ஜீப் கராஜில், த்ரீவீல்காரர் போனை எடுக்கவில்லை. அப்பாவின் கால்கள் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கதிரையில் உட்கார்ந்தே தூங்கினார். இரண்டாவதும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் எங்களுக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதை நான் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.

நான் லீவரைப் போட்டுப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. "பாருங்க நானா, வேலை செய்யுது" என்றேன். பேனாவை எடுத்தேன்.

இனி மூன்றாவது வளைவுக்கு வருவோம்.

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறேன். அதை நம்ப முடியவில்லை. காலை எடுத்தால் வண்டி நகரும். சில்லு உருளாமல் முட்டுக் கொடுக்கிற கட்டை சீட்டுக்குக் கீழேதான் கிடக்கிறது. இறங்கி வைக்க ஆள் இல்லை. அப்பாவால் முடியாது. அவர் கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் எண்ணி எடுப்பது போல எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாத பாப்பா" என்றார். அவசரப்பட என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு கால்... அதுவும் பிரேக்கில்.

ஹோர்ன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் சிரிப்புச் சத்தம், அப்புறம் மூன்று குடைகள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள். முன்னால் வந்தவர் செல்வியக்கா. அப்பா இந்தத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது அவரிடம் வேலை செய்தவர். நிலைமையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ரோட்டோரக் கற்களை உருட்டி வந்து, மூவரும் பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி, மேட்டுப் பக்கத்துக் கல்லில் உட்கார வைத்துக் குடை பிடித்தார்கள்.

அப்போதுதான் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

"இன்னொருக்கா அமத்துங்க மிஸ், பாப்போம்" என்றார் செல்வியக்கா. ஆக்சிலேட்டரை அமத்தினேன். சேறு பறந்தது.

"முன்னுக்கு ரெண்டு டயரும் அசையவே இல்லையே!"

"அசையும் அக்கா. லைட் எரியுது."

"லைட்டு எரியட்டும். டயரு சுத்தல. பின்னுக்கு ரெண்டும் கெடந்து மாயுது, முன்னுக்கு ரெண்டும் தொரமாரு மாதிரி சும்மா நிக்குது!"

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. புரிந்தது இன்னும் கேவலமாக இருந்தது.

பழைய ஜீப்களில் முன் சக்கரங்களின் நடுவில் தலா ஒரு திருகுமூடி இருக்கும். ஹப் என்பார்கள். கையால் ஒரு பக்கம் திருப்பிப் பூட்டினால் என்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போகும். மறுபக்கம் திருப்பினால் போகாது. சக்கரம் சும்மா உருளும். சும்மா உருண்டால் டீசல் கொஞ்சம் மிச்சம். டீசலுக்கு நாட்கணக்கில் கியூவில் நின்ற காலத்தில் எங்கள் பக்கத்து ஜீப்காரர்கள் எல்லாரும் அதைத் திருப்பி வைத்தார்கள். அப்பாவும் வைத்தார். அதன்பின் வந்த மழைகளில் பழைய டயரோடு எப்படியோ ஏறி இறங்கினோம். கியூ போய்விட்டது. ஹப் மட்டும் அப்படியே.

அப்போது செல்வியக்கா அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "ஏங்கய்யா, எங்க கூடைய மட்டும் கவுத்துக் கொட்டி, அடியில முத்தின எல இருக்கான்னு பாப்பீங்க. சொந்த வண்டிய பாக்கலியா?"

அப்பா அந்த மூச்சிலும் சிரித்தார். "இது நா பாத்தது இல்ல செல்வி... மக பாத்தது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹப்பைப் பார்த்தேன்.

வலது பக்க ஹப் சுலபமாகத் திரும்பியது. இடது பக்கம்? அசையவில்லை. ஒன்று மட்டும் பூட்டிப் பயனில்லை. இரண்டும் பூட்டினால்தான் முன்பக்கம் இழுக்கும். உள்ளே வருடக்கணக்கான கிரீஸ் கட்டியாகியிருந்தது. பிளையரால் பிடித்தேன், நழுவியது. துணி சுற்றிப் பிடித்தேன், விரல் தோல் போனது. நேரம் ஆறு நாற்பது. அரை மணிக்கு மேல் தாமதித்தால் அப்பாவின் இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அது நியாயமும்தான்.

"சூடு பட்டா எளகும்" என்றேன், பொதுவாக, யாருக்கோ.

செல்வியக்கா பையைத் திறந்து பிளாஸ்க்கை எடுத்தார். பத்து மணிக்குக் குடிக்க வைத்திருந்த சாயத் தண்ணி. "ஊத்துங்க. சீனி போடல, ஒட்டாது."

"அக்கா, உங்க தேத்தண்ணி..."

"ஊத்துங்க மிஸ். நம்ம பறிச்ச தேயிலதான, சொன்ன பேச்சக் கேக்கும்."

ஊற்றினேன். ஆவி பறந்தது. ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி துணி, மறுபடி பிளையர். பாதிப் பிளாஸ்க் முடிந்தது. முழுப் பிளாஸ்க்கும் முடிந்தது. இரண்டாவது பெண் தன்னுடையதை நீட்டினார். அது காலியாகும் நேரத்தில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்; மூடி திரும்பியது.

அப்பாவை ஏற்றவில்லை. முதலில் நான் மட்டும் ஏறி உட்கார்ந்தேன். விளக்கை நான் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, சேற்றுக்குள் முன் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுற்றியது. ஜீப் முனகிக்கொண்டே ஏறி, வளைவைத் தாண்டி, சமதரையில் நின்றது. மூவரும் அப்பாவைப் பாதி நடத்தி, பாதி தூக்கிக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

எட்டு ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி. இடம் இருந்தது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் இருந்திருக்காது.

நான்கு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நிஸ்தார் நானாவுக்குப் போன் செய்தேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"லைட்டு பத்துதுண்டா லீவர் உழுந்தீக்கிண்டுதான் அர்த்தம், தங்கச்சி. வீலுக்குப் போயீக்கா இல்லயாண்டு லைட்டுக்கு எப்பிடித் தெரியும்?" விளக்கு சொன்னது லீவர் விழுந்ததை மட்டும்தான்.

இதில் வெட்கம் என்ன தெரியுமா? நான் செய்யும் தொழிலே இதுதான். வேறொரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர்களைப் பழுதுபார்க்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொரு தாதிக்கும் முதல் நாளே சொல்வேன்: பச்சை விளக்கு எரிந்தால் மெஷினுக்குக் கரண்ட் வருகிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஆளைப் பாருங்கள். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சரி போடும் சந்தோஷத்தில், எதற்குச் சரி போடுகிறோம் என்று குனிந்து பார்ப்பதில்லை. எனக்கு அவசரமும் இருந்தது. இருந்தாலும் கூடையைக் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்றைய நிலவரம் இது. அப்பாவின் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. இந்த வாரம் முழுக்க கட்டுகஸ்தோட்டையில், வேலை நாட்களில் நான் தங்கும் வாடகை அறையில் இருக்கிறார்; கட்டிலில் அவர், தரையில் நான். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போய் வந்தோம். செல்வியக்காவுக்கும் தேத்தண்ணி தந்த மற்றவருக்கும் புது பிளாஸ்க் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஜீப் மடவளையில். இடது ஹப் நிஸ்தார் நானாவின் மேசையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மழை விடவில்லை.

பதினான்காவது வரிக்குப் போட்டிருந்த சரியை அடித்துவிட்டேன்; புதிதாக இன்னும் போடவில்லை.