இரண்டு பத்துக்கு அடித்த மணி

கிடங்கில் எல்லோரும் அவரைக் ‘கப்சிப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மீனும் காய்கறியும் அடைத்து வைக்கிற குளிர்பதனக் கிடங்கு அது. இயந்திர அறை ஆபரேட்டர் அவர். அம்மோனியா கசிந்தால் அலறுவதற்கென்று தலைக்கு மேலே ஒரு மணி இருந்தது. பாழாய்ப்போன மணி! ஈரம் ஏறினால் அலறும், கதவைத் திறந்துவைத்தால் அலறும், சும்மாவும் அலறும். புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர், பேசிக்கொண்டிருக்கிற பேச்சைக்கூட நிறுத்தாமல் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கிவிடுவார். அதனால் வந்த பெயர்.

ஒரு மத்தியானம் உள்ளறையில் நிஜமாகவே வாயு கசிந்தது. உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தது அவருடைய தங்கை புருஷன். அந்த வேலையே இவர் வாங்கிக் கொடுத்ததுதான். வெளியே இழுத்துப் போட்டபோது உயிர் இல்லை.

விசாரணைக்காக மணிப்பெட்டியின் பதிவையும் கம்ப்யூட்டரின் பதிவையும் ஆபீசில் ஒன்றாகச் சேர்த்துத் தாளில் எடுத்தார்கள். ‘2.10, மணி அடித்தது. 2.10, மணி நிறுத்தப்பட்டது.’ அதற்குக் கீழேயே, ‘14.30, அவசர நிறுத்தம்.’

“நீங்கதானே அமுக்குனீங்க?” என்றார் மேனேஜர்.

அவர் யோசித்துப் பார்த்தார். அன்றைக்கு மணி அடித்ததாக ஞாபகம் இல்லை. அடிக்கவில்லை என்றும் ஞாபகம் இல்லை. மெஷின் பொய் சொல்லுமா? மனுஷன்தான் மறப்பான்.

“நான்தான் அமுக்கியிருப்பேன் சார்.”

அதோடு விட்டாரா? நேரே தங்கை வீட்டுக்குப் போய், “மாப்பிள்ளையக் கொன்னது நான்தாம்மா” என்று சொல்லிவிட்டார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சில வாரம் கழித்து, மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். தாளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். மணிப்பெட்டி பன்னிரண்டு மணிக் கணக்கில் நேரம் போடும், பகலா இரவா என்று எழுதாது. கம்ப்யூட்டர் இருபத்துநான்கு மணிக் கணக்கு. இரண்டையும் கலந்த புண்ணியவான் எவனோ, 2.10 என்றால் மத்தியானம் என்று தானே முடிவு கட்டிவிட்டான். நல்ல லட்சணம்!

“அது ராத்திரி ரெண்டு பத்துங்க. நைட் ஷிப்ட் ஆள் அமுக்குனது. மத்தியானம் மணி அடிக்கவே இல்ல, சென்சார் அதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. உங்க மேல தப்பே இல்ல,” என்றாள்.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போட்ட சட்டையோடு தங்கை வீட்டுக்கு ஓடினார். இந்தத் தடவை அவள் கதவைத் திறந்தாள். திண்டாடித் திணறி எல்லாவற்றையும் கொட்டினார்.

“நான் இல்லம்மா. மணியே அடிக்கலையாம்.”

அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

“சரிண்ணா, அடிக்கல. அடிச்சிருந்தா நீ உள்ள ஓடியிருப்பியா?”

ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு வாய் வரவில்லை.