இருபத்தாறு அங்குலமும் ஒரு நாற்காலியும்

பல் மருத்துவரின் அறையில் உட்கார இரண்டு இடம் உண்டு. ஒன்று, சாய்ந்து படுக்கிற நாற்காலி, அது நோயாளிக்கு. இன்னொன்று, சக்கரம் வைத்த ஸ்டூல், அது டாக்டருக்கு. மூன்றாவதாக ஓர் ஆள் அங்கே இருப்பார் என்பதை அறையை அமைத்தவர்கள் யோசிக்கவில்லை. அந்த மூன்றாவது ஆள், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை. பதினேழு வருடமாக.

தெருவில் அவரைப் பல்லக்கா என்பார்கள். பல்லக்கில் போகிறவர் என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ்ஸிலும் நின்றுகொண்டேதான் போவார்.

அந்த வேலையில் அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வருகிறவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள். ஆனால் பேச மாட்டார்கள். "திறங்க... இன்னும் கொஞ்சம்... நல்லா, பெருசாத் திறங்க" என்று அவர் சொன்னால் போலீஸ்காரரும் திறப்பார், தலைமையாசிரியரும் திறப்பார். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் அந்தக் குரலை மேல்கோட்டோடு சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவார். வீட்டில் அதற்கு மதிப்பில்லை. அங்கே எல்லா வாயும் ஏற்கெனவே திறந்துதான் இருக்கும்.

வீட்டில் அவரோடு சேர்த்து மூன்று பேர். கணவர் தையற்காரர். ஹால் ஜன்னலோரம் மெஷின், எதிரே வாடிக்கையாளர் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மூலையில் போட்டுப் பார்க்க ஒரு திரை. இவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் இருக்கும்போது போனில் படிக்கிறாள். மாடியில் கணவரின் அக்கா. தனி வாசல், தனிச் சமையல். கருத்து மட்டும் கூட்டுக்குடும்பம்.

சமையலறை ரயில் பெட்டியின் நடைவழி போல நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஒரு பக்கம் மேடை, மறுபக்கம் சுவர். ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டும். ஆனால் யாரும் அப்படிக் காத்திருந்ததாகத் தகவல் இல்லை. கடைசியில், ஜன்னலுக்குப் பக்கத்தில், மேடை முடிகிற இடத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மூலை. வீட்டிலேயே காற்று வருகிற இடம் அது ஒன்றுதான். அதைக் குடும்பமாகச் சேர்ந்து ஃப்ரிட்ஜுக்குக் கொடுத்திருந்தார்கள். உள்ளே ஏற்கெனவே குளிர்ந்துகொண்டிருக்கிற பொருளுக்கு.

குளிர்ந்துகொண்டிருந்தது என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். அதன் கதவு மூடாது. கணவர் தன் தொழில் திறமையைக் காட்டி, பாவாடை இடுப்புக்கு வைக்கிற எலாஸ்டிக்கில் கொக்கி தைத்துக் கதவை இழுத்து மாட்டியிருந்தார். அடுப்பில் ஒரு பர்னர் செத்து இரண்டு வருடம். உயிரோடு இருந்த பர்னருக்குத் திருகு இல்லை. அதைத் திருப்ப, கிளினிக்கில் வேண்டாம் என்று ஒதுக்கிய பல் பிடுங்கும் குறடு ஒன்று மேடையில் தொங்கியது. வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பாடே வேண்டாம் என்று கிளம்பியதுண்டு. அதில் பல்லக்காவுக்குக் கொஞ்சம் லாபமும் இருந்தது.

போன மாதம் காலில் நரம்பு புடைத்துக்கொண்டு வலித்தது. வேறொரு டாக்டரிடம் போனார். அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் உக்காருங்க" என்றார்.

"எங்க டாக்டர்?"

"எங்கன்னா? நாற்காலியிலதான்."

சீட்டில் இரண்டு மாத்திரையும், கீழே 'உட்காரவும்' என்றும் எழுதிக் கொடுத்தார். மாத்திரை மருந்துக்கடையில் கிடைத்தது.

கிளினிக்கில் அது நடக்கப்போவதில்லை. மிச்சம் இருப்பது வீடு. வீட்டில் அவர் இருக்கும் இடம் சமையலறை. சமையலறையில் நாற்காலி போடக்கூடிய இடம் அந்த ஒரு மூலை. யோசித்து யோசித்து இங்கேதான் வந்து நின்றார். நிற்பதுதான் அவருக்குப் பழக்கம் ஆயிற்றே.

சரியாக அந்த வாரம் ஃப்ரிட்ஜ் மொத்தமாகக் கண்ணை மூடியது. ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கூட்டம். புது ஃப்ரிட்ஜ், கையோடு புது அடுப்பு.

"ஏங்க, புதுசா வாங்குறத ஹால்லயே வெச்சா என்ன?" என்றார் பல்லக்கா. "அந்த மூலையில நான் ஒரு நாற்காலி போட்டுக்கிறேன். கால் முடியல."

மெஷின் நின்றது.

"ஹால்லயா? இது கடை. அளவு குடுக்க வர்றவங்க எதிர்ல ஃப்ரிட்ஜா? ஜில்லுனு குடிக்க என்ன இருக்குன்னு கேப்பாங்க."

"கேட்டா என்ன, குடுங்களேன்."

"நான் தைக்கிறதா, ஊத்திக் குடுக்கிறதா?"

நாத்தனார் மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "சமையக்கட்டுல யாராவது நாற்காலி போடுவாங்களா? உக்காந்துகிட்டே சமைச்சா கை ஓடுமா?"

"கை ஓடும் அண்ணி. கால்தான் ஓடல."

"எனக்கென்ன, சொன்னேன். அப்புறம் உன் இஷ்டம்" என்றார் நாத்தனார். அந்த வீட்டில் 'உன் இஷ்டம்' என்றால் தீர்மானம் தோற்றது என்று அர்த்தம்.

"அம்மா, ரெண்டு கதவு வெச்சது வாங்கலாம். கதவுலயே தண்ணி வரும்" என்றாள் மகள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

மூலைக்கு எவ்வளவு அகலத்தில் வாங்கலாம் என்று பார்க்கக் கணவர் கழுத்து டேப்பை உருவிக்கொண்டு உள்ளே வந்தார்.

தையற்காரர்கள் உடம்பை அளப்பதில்லை. தைக்கப்போகிற துணியைத்தான் அளக்கிறார்கள். முப்பத்தாறு மார்புக்கு டேப் வைத்தால் வாய் முப்பத்தெட்டு என்று சொல்லும். இரண்டு அங்குலம் லூஸ். போட்டுக்கொள்கிறவர் மூச்சு விட வேண்டும், கையைத் தூக்க வேண்டும், விசேஷ வீட்டில் இரண்டாம் தடவை சாப்பிட வேண்டும். இந்தக் கூட்டலை அவர் மனசுக்குள் செய்வதுகூட இல்லை, நாக்கு செய்துவிடும். கிளினிக் போகாத நேரத்தில் அவர் சொல்லச் சொல்ல அளவு நோட்டில் எழுதுகிறவர் பல்லக்காதான். இருபத்தோரு வருட நோட்டு.

டேப்பின் ஒரு முனையைப் பல்லக்கா சுவரில் வைத்துப் பிடித்தார். கணவர் மறுமுனையை மேடை விளிம்புக்கு இழுத்தார். கண்ணைச் சுருக்கினார்.

"எழுதிக்கோ. இருபத்தெட்டு."

பேனா ஒரு நொடி நின்றது. அசதியாகவும் இருக்கலாம். பிறகு எழுதியது: 28.

கடையில் ஃப்ரிட்ஜுகள் கல்யாண வீட்டு வாசலில் வரவேற்க நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. ஒரு மணி நேரம் நடந்தார்கள். பல்லக்கா ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மூடிக்கொண்டே வந்தார். நாலாவது ஃப்ரிட்ஜுக்கு அடுத்து அவரை அறியாமல், "அடுத்தவங்க வாங்க" என்றாராம். மகள் சொல்லிச் சிரிக்கிறாள்.

விற்பனையாளர் மென்மையானவர். மேல் கதவு, கீழ்க் கதவு, காய்கறிக்குத் தனித் தட்டு, கதவிலேயே தண்ணீர்க் குழாய் என்று காட்டிக்கொண்டே வந்தார். கதவிலேயே தண்ணீர் வருவதில் மகள் நின்றுவிட்டாள். அவள் அப்படி எதன் முன்னாலும் நின்று பார்த்ததில்லை.

"இது இருபத்தேழரை இன்ச் அகலம் சார். உங்க எடம் எவ்ளோ?"

"இருபத்தெட்டு" என்றார் கணவர். "நானே அளந்தேன்."

"சார் என்ன தொழில்?"

"டெய்லர்."

"அப்ப அளவு தப்பவே தப்பாது சார்."

அந்த நேரத்தில் பல்லக்கா எங்கே இருந்தார்? எதிர்வரிசையில், ஒரு வாஷிங் மெஷினின் வட்டக் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கண்டால் எட்டிப் பார்க்கிற தொழில் பழக்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்தார். "ரெண்டு பர்னர் போதும்."

"நாலு இருந்தா நாலையும் ஒரே நேரத்துல முடிச்சிடலாம்ல" என்றார் நாத்தனார். அவரும் வந்திருந்தார், வாடகைக் காரில் இடம் இருந்ததே.

"நாலையும் யாரு அண்ணி கிண்டுறது? எனக்குக் கை ரெண்டுதான்."

"பழகிடும்."

"ஏம்மா, ஊரே நாலு வாங்குது" என்றார் கணவர்.

"சரி, வாங்குங்க."

அவர் வாதாடியிருப்பார். ஆனால் கடையில் உட்கார்ந்து வாதாட ஒரு நாற்காலி இல்லை. நின்றுகொண்டே ஜெயிப்பதற்கு அவர் காலில் சக்தி மிச்சமில்லை.

புதன்கிழமை அவர் லீவு போட்டிருந்தார். பதினொரு மணிக்குச் சாமான் வந்தது. இறக்கி வைக்க இரண்டு பேர். மூத்தவர் இடுப்பில் பட்டையும் வாயில் பேச்சுமாக வந்தார். பழைய ஃப்ரிட்ஜை எலாஸ்டிக்கோடு வெளியே கொண்டுபோய் வண்டியில் ஏற்றினார்கள். மகள் ஆசை தாங்காமல் புதிய பெட்டியைப் பிரித்து, ஒட்டுத்தாள்களையும் கிழித்தாள். கண்ணாடி போல முகம் தெரிந்தது. அப்புறம் அதைக் குறுக்கே திருப்பி, நடைவழியில் நெளித்து நெளித்து மூலைவரை கொண்டுபோனார்கள். மூலை அதை ஏற்கவில்லை.

"அண்ணே, போவல."

"போவும். தள்ளுங்க. நான் அளந்திருக்கேன்."

இன்னொரு தடவை தள்ளினார்கள். மேடைக் கல்லில் கீறல் விழுந்ததே தவிர ஒன்றும் நடக்கவில்லை. மூத்தவர் தன் இரும்பு டேப்பை எடுத்து மூலையில் வைத்தார்.

"இருபத்தாறு இருக்கு."

"இருபத்தெட்டு!" கணவர் தன் துணி டேப்பை உருவி அளந்தார். கண்ணைச் சுருக்கினார், விரித்தார், மறுபடி அளந்தார். "செவுரு... செவுரு சுருங்கியிருக்குமோ?"

"தண்ணியில ஊறப் போட்டீங்களா?"

கணவர் ஹாலுக்கு ஓடி நோட்டைக் கொண்டுவந்து பிரித்தார். பல்லக்காவின் உருண்டையான கையெழுத்தில் 28 என்று தெளிவாக இருந்தது. மனைவியைப் பார்த்தார். அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நீங்க சொன்னதத்தான் எழுதுனேன்."

கணவரின் முகத்தில் மெல்ல விளங்கியது. "ரெண்டு இன்ச்... லூஸ் விட்டுட்டேன்."

"செவுத்துக்கா?" என்றார் மூத்தவர். "ஏன் அண்ணே, அது சாப்ட்டு குண்டாவப் போவுதா?"

இளையவர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"திருப்பி எடுத்துக்குங்க" என்றார் கணவர்.

"பெட்டியப் பிரிச்சாச்சு. இனி எடுக்க மாட்டாங்க. எங்க வெக்கணும், அத மட்டும் சொல்லுங்க. அடுத்த வீடு மூணாவது மாடி."

எல்லாரும் பல்லக்காவைப் பார்த்தார்கள். கேள்வி கஷ்டமாக இருந்தால் அந்த வீடு அவரைத்தான் பார்க்கும். அவர் சொல்ல வேண்டியதை ஏற்கெனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லித் தோற்றாயிற்று. இரண்டாவது தடவை தோற்க இன்றைக்கு அவசியம் இல்லை.

"ஹாலுக்கே... கொண்டுபோங்க" என்றார் கணவர், தன் வாயாலேயே.

ஹாலில் திரைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வைத்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு இடமில்லாமல் போனது. கணவர் அதைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் பார்த்தார்.

"இத எங்க போடுறது?"

"அந்த மூலையில போடுங்க" என்றார் பல்லக்கா. "வேற எங்க இருக்கு எடம்?"

நாற்காலி இருபத்திரண்டு அங்குலம். பக்கத்துக்கு இரண்டு லூஸ் விட்டு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

அடுப்பையும் பொருத்தினார்கள். நாலு பர்னர் மேடையில் பாதியை விழுங்கிவிட்டது. காய் நறுக்கும் பலகைக்கு இடமில்லை. மடியில் வைத்துத்தான் நறுக்க வேண்டும்; மடி வேண்டுமென்றால் உட்கார வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வந்து இதையெல்லாம் பார்த்த நாத்தனார் சொல்வதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். நாலு பர்னர் கேட்டவர் அவரே என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "தண்ணியாவது குடிக்கலாம்" என்று ஹாலுக்குப் போனார்.

கணவருக்கும் நஷ்டம் ஒன்றுமில்லை. மாலையில் வந்த வாடிக்கையாளர் திரைக்குள்ளிருந்து வெளியே வந்து, பளபளக்கும் ஃப்ரிட்ஜ் கதவில் தன்னைப் பார்த்து, பேன்ட் நன்றாக விழுந்திருக்கிறது என்றார். கொஞ்சம் லூஸாக இருக்கிறதோ என்றும் கேட்டார்.

"அது அப்படித்தாங்க இருக்கணும்" என்றார் கணவர்.

ஆனால் அது மாலையில். நாத்தனார் தண்ணீர் குடிக்கப் போன அந்த மத்தியானத்தில், பல்லக்கா முதல் தடவையாக மூலையில் உட்கார்ந்தார். காற்று வந்தது. கால் வலி போய்விடவில்லை. ஆனால் யாரோ அதைக் கையில் வாங்கி வைத்திருப்பது போல இருந்தது. நாளைக்கு ஒன்பதரைக்கு மறுபடி நிற்க வேண்டும். மடியில் பலகை, பலகையில் இரண்டு கேரட். ஒன்றை நறுக்கி முடிப்பதற்குள் ஹாலிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"இந்தக் கதவுல தண்ணி வரலியே! உள்ள பாட்டில் இருக்கா? திறக்கவும் மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாரேன்!"

இருபத்தோரு வருடப் பழக்கத்தில் உடம்பு எழப்போனது. பலகை சரிந்தது. பல்லக்கா பலகையைப் பிடித்துக்கொண்டு, மறுபடி சாய்ந்தார். கிளினிக் ஆணியில் மாட்டிவிட்டு வருகிற குரல் எப்படியோ அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தது.

"திறங்க" என்றார். "இன்னும் கொஞ்சம்... நல்லா, பெருசாத் திறங்க."

ஹாலில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் இரண்டாவது கேரட்டை எடுத்தார்.