போனின் முதுகில் ஒட்டிய டேப்

சங்கரன்கோவிலில் பதினெட்டு வருஷமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த போன் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற மாடலை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். யாரும் வாங்காத மாடலை ஆசைப்பட்டு வாங்கினால், டிஸ்பிளே உடைந்த அன்றைக்கு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அலைய வேண்டும். ஓடுகிற மாடல் என்றால் டிஸ்பிளே, பேட்டரி, சார்ஜிங் பின் எல்லாம் என் டிராயரிலேயே கிடக்கும். காலையில் கொடுத்தால் மத்தியானம் வாங்கிப் போகலாம்.

அதில் ஒரு கெடுதலும் உண்டு. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

1. எட்டு நீல போன்

அந்த வருஷம் ஒரு நீலக் கலர் மாடல் ஊரையே பிடித்துக்கொண்டது. கடைத் தட்டில் ஒரே நேரத்தில் எட்டு நீல போன் கிடக்கும். பவுச்சைக் கழற்றிவிட்டால் சொந்தக்காரருக்கே அடையாளம் தெரியாது. அதனால் ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை டேப்பை ஒட்டி, பேரும் லாக் நம்பரும் எழுதிவைப்பேன். வேலை முடிந்ததும் போனைத் திறந்து டச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லாக் கேட்பது அதற்குத்தான்.

கோமதி கரிவலம்வந்தநல்லூர்ப் பிள்ளை. இங்கே காலேஜில் பி.காம் கடைசி வருஷம். பரீட்சைக்கு இரண்டு மாசம் இருந்தது. ஒரு நாள் காலையில் டிஸ்பிளே நொறுங்கிய நீல போனோடு வந்தாள். லாக் நம்பர் கேட்டதும் தயங்கினாள்.

“மத்த கடையில எல்லாம் ஆம்பளையாளுவ. அதான் ஒங்ககிட்ட வந்தேன்க்கா. வீட்டுல யாருக்கும் இந்த நம்பர் தெரியாது. வேலை முடிஞ்சதும் டேப்பைக் கிழிச்சிருங்க.”

“நான் என்ன கூறுகெட்டவளா? கிழிச்சிருதேன், போ” என்றேன்.

2. அப்பா வந்தார்

மத்தியானம் அவள் அப்பா வந்தார். உரம் வாங்க டவுனுக்கு வந்தவர், மகள் போன் இங்கே இருப்பது தெரிந்து, அவளை அலையவிட வேண்டாம் என்று தானே வாங்க வந்திருக்கிறார். தன்மையான மனுஷன். போனை எடுத்துக் கொடுத்தேன். அவர் தட்டையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எல்லாம் ஒண்ணு போலக் கெடக்கே தாயி. இது எம்மவ போன்தானா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. போனைத் திருப்பி டேப்பைக் காட்டினேன்.

“இந்தா பாருங்க அண்ணாச்சி, கோமதின்னு எழுதியிருக்கேன். என் கடையில மாறவே மாறாது.”

பேருக்குக் கீழே அந்த நாலு நம்பரும் இருந்தது. அவர் தலையாட்டி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். நான் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் காலேஜ் விட்டு கோமதி வந்தாள். அப்பா வாங்கிப் போய்விட்டார் என்றேன்.

“டேப்பைக் கிழிச்சுட்டீயளாக்கா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள், உடனே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

3. அதற்கப்புறம்

மறுநாளிலிருந்து அவள் காலேஜுக்கு வரவில்லை. அவளோடு படிக்கிற பெண்தான் விஷயத்தைச் சொன்னாள். கூடப் படிக்கிற ஒரு பையனுக்குக் கோமதி மெசேஜ் போட்டிருக்கிறாள். சாப்பிட்டாயா, படித்தாயா என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லையாம். அந்த வீட்டுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கரிவலம் போனேன். தப்பு என் மேல் என்று சொல்லி, பரீட்சையையாவது எழுதவிடுங்கள் என்று அவள் அப்பாவைக் கெஞ்சினேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

“நீங்க ஒங்க வேலையச் சரியாத்தான் பாத்திருக்கீய தாயி. போன் நல்லா வேலை செய்யுது.”

மகளை அவர் வெளியே கூப்பிடவே இல்லை. அந்த மாசமே ராயகிரியில் கல்யாணம் முடிந்துவிட்டது. கோமதி பரீட்சை எழுதவில்லை.

இப்போது நான் லாக் நம்பர் எழுதுவதில்லை. டேப்பில் டோக்கன் நம்பர் மட்டும்தான். வேலை முடிந்ததும் கஸ்டமரே எதிரே உட்கார்ந்து போனைத் திறந்து பார்க்க வேண்டும். கொடுத்த ஆள் கையில்தான் திருப்பிக் கொடுப்பேன், அப்பனோ புருஷனோ யார் வந்தாலும் சரி. பெரிய கலெக்டர் ஆபீஸ் நடத்துகிறாள் என்று சிலர் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

போன வருஷம் கோமதி வந்தாள். மாமியார் வாசலில் நின்றார். கையில் ஒரு பட்டன் போன், ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லையாம். பழக்க தோஷத்தில் லாக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

“இதுல பூட்டி வைக்க என்னக்கா இருக்கு?” என்றாள்.

கோபத்தில் சொல்லியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.