நேர்த்தி மூட்டைக்கும் பாரம் உண்டு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசி மாதம், துணுக்காய்ப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றிலிருந்து முல்லைத்தீவுப் பக்க அம்மன் கோயில் பொங்கலுக்கு லொறி ஓட்டிப் போனபோது நடந்தது இது. அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். ஆங்கிலத்தில் படித்துச் சோதனை பாஸ் பண்ணியும் அரசாங்க வேலை கிடைக்காமல், மனைவியின் தமையனோடு கூட்டுச் சேர்ந்து ஒரு பழைய லொறி வாங்கியிருந்தேன். நான்தான் சாரதி.

அந்த லொறியை நான் ஓட்டிய விதத்தில் எனக்குப் பெருமை உண்டு. ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும், அந்தப் பாரத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று டயர் கம்பனி அச்சிட்டிருந்ததை வாசித்து மனதில் வைத்திருந்தேன். அந்த அளவுக்கும் ஐந்தாறு மூட்டை குறைத்தே நெல் ஏற்றுவேன். கிரவல் ரோட்டின் பள்ளங்களுக்கும் வெயிலுக்கும் நான் விட்டுவைத்த இடம் அது. "உன்ர லொறி என்ன புதுப் பொம்பிளையோ, இப்பிடிப் பொத்திப் பொத்தி வைச்சிருக்கிறாய்?" என்று மச்சான் பகிடி பண்ணுவார்.

அன்று பொங்கலுக்கான நெல்லைக் கணக்காகத்தான் ஏற்றினேன். பிறகு நேர்த்திக்கடன் மூட்டைகள் வரத் தொடங்கின. பாம்பு கடித்துப் பிழைத்தவர், காய்ச்சலில் தப்பியவர் என்று வீட்டுக்கு வீடு ஒன்று. அம்மாளுக்கென்று தூக்கிய மூட்டை கோயில் வாசலில்தான் இறங்க வேண்டும், இடையில் மண்ணில் படக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அம்மாளின் மூட்டையைப் பாரத்தில் சேர்த்துப் பார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. மூட்டைகளுக்கு மேல் ஆண்களும் பெண்களுமாக ஏறிக்கொண்டார்கள்.

என் கணக்கு தவறிவிட்டது என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாளுக்கு வந்ததை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சனத்துக்கு முன்னால் பொல்லாதவனாகப் பயந்தேன். ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

மாங்குளம் தாண்டி, கோயிலுக்கு இன்னும் நாலைந்து மைல் இருக்கும்போது ரப்பர் கருகும் மணம் வந்தது. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்பக்கத்து இரட்டை டயர்களில் உள்ளே இருந்ததில் கை வைக்க முடியவில்லை. முன்னால் ரோடு குளக்கட்டின் மேல் ஏறிப் போனது. ஒரு பக்கம் நிறைந்த தண்ணீர், மறுபக்கம் பள்ளம். அந்த இடத்தில் டயர் வெடித்தால் மேலே இருந்தவர்களின் கதி என்ன?

"காத்தைக் கொஞ்சம் திறந்து விடு மச்சான், சூடு இறங்கும்" என்றார் மச்சான்.

"காத்துக் குறைஞ்சால் தாங்கிற பாரமும் குறையும். இன்னும் மடிஞ்சு மடிஞ்சு கொதிக்கும்" என்று தடுத்தேன். பிறகு மேலே பார்த்து, பாரம் கூடிவிட்டது, சில மூட்டைகளை இறக்க வேண்டும் என்றேன்.

பெரிய சத்தம் எழுந்தது. "ஏத்தேக்க தெரியேல்லையோ? படிச்ச றைவர் எண்டுதானே ஏறினனாங்கள்!" என்று ஒருவர் கத்தினார்.

பாம்புக்கடியில் பிழைத்தவரின் மனைவி மேலேயிருந்து எட்டிப் பார்த்தா. கணவருக்கு ஒரு கால் இன்னும் ஊன்ற வராது. "தம்பி, மூட்டையை மட்டும் இறக்கச் சொல்லாதேங்கோ" என்றவ, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தா. "மூட்டைதானே மண்ணில படக்கூடாது. எங்கட காலுக்கு என்ன நேர்த்தி? இறங்குங்கோ எல்லாரும்!"

சொன்னவவே முதலில் குதித்தா. முணுமுணுத்துக்கொண்டு மற்றவர்களும் இறங்கினார்கள். அவவின் கணவருக்கு மச்சான் தன் முன் இருக்கையைக் கொடுத்தார். "லொறிச் சொந்தக்காரன் நடக்கிறான், மூட்டையள் லொறியில போகுது. நல்ல யாவாரம்தான் மச்சான்!" என்று என்னைப் பார்த்துப் பகிடி விட்டார்.

டயர் ஆறும்வரை நின்று, பிறகு நடை வேகத்தில் கட்டின் மேல் ஏற்றினேன். சுடுகிற கிரவலில் வெறுங்காலோடு அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். கட்டைக் கடந்த பிறகும் யாரும் ஏறவில்லை. "அம்மாளிட்டை நடந்து போறதும் நல்லதுதான்" என்று அந்த அக்கா சொல்லிவிட்டா. அம்மாளைக் கூப்பிட்டுப் பாடிக்கொண்டு கோயில்வரை நடந்தார்கள். ஒரு மூட்டையும் மண்ணில் படவில்லை. அவ்வளவு கம்பீரமான ஊர்வலத்தை நான் பிறகு பார்த்ததில்லை.

மறுநாள் லொறிச் சில்லைக் கழற்றி டயரைப் பிரித்தோம். உள் டயரின் உட்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நூல்கள் அறுந்து, டியூப் அந்த வழியாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் மேலே இருந்திருந்தால் கட்டைத் தாண்டியிருக்காது. மச்சான் அதைச் சாக்கு ஒன்றால் மூடினார். "இதைச் சொன்னால் எங்கட லொறியில இனி ஒருத்தரும் ஏறமாட்டினம்" என்றார். நானும் சொல்லவில்லை. சொன்னால், தெரிந்தும் ஏற்றியது யார் என்ற கேள்வி வரும்.

ஒன்றும் நடக்காததால் ஊரில் அது பகிடியாகிப் போனது. சும்மா பயந்து சனத்தை நடக்க வைத்தவன் என்று பல வருடம் சொல்லிச் சிரித்தார்கள். கால் கொப்பளித்துப் படுத்திருந்த அந்த அக்கா மட்டும், "அந்தத் தம்பி காரணமில்லாமல் சொல்லமாட்டார்" என்று எனக்காகக் கதைத்தாவாம். அவ இருந்த காலத்தில் ஒரு நாளாவது போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் லொறி ஓட்டினேன். யார் மூட்டையானாலும் அளவுக்கு மேல் ஒன்றுகூட ஏற்றவில்லை, பாரத்தில் ஒரு டயரும் வெடிக்கவில்லை. ஆனாலும் நெஞ்சு நிமிர்வது அதை நினைத்தல்ல. அந்தக் குளக்கட்டில் நடந்து வந்தவர்களை நினைத்துத்தான். அன்று தங்கள் உயிரைத் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள் என்பது தெரியாமலே அவர்களில் பலர் போய்விட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காவது தெரியட்டும் என்றுதான் இந்த வயதில் இதை எழுதுகிறேன்.