மாமாவின் முழுக்கைச் சட்டை

என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார், மணிக்கட்டுப் பொத்தான் உட்பட. மொபைல் கடையில் வேலை பார்த்த அவரை எங்கள் பேட்டையான ஜோகுபாளையத்தில் ‘ஆபீசர்’ என்று கேலி செய்வார்கள். நானும் அதை ஸ்டைல் என்றே நம்பினேன்.

எனக்குப் பிறவியிலேயே வறண்டு செதில் செதிலாக வெடித்த தோல். ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து பள்ளியில் யாரும் என் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். ஏழு வயதில் என் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், வைட்டமின் டி மிகவும் குறைவு, தோலுக்கும் எலும்புக்கும் சேர்த்துப் புற ஊதா ஒளி கொடுத்துப் பார்க்கலாம் என்றார்.

பீரோ மாதிரி ஒரு பெட்டி, உள்ளே சுற்றிலும் ட்யூப்லைட். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சட்டையில்லாமல் தனியாக நிற்க வேண்டும். கண்ணாடி எனக்குப் பிடித்திருந்தது. சட்டையைத்தான் கழற்றமாட்டேன் என்றேன். “ஏனூ ஆகல்ல, புட்டா”, ஒன்றும் ஆகாது கண்ணா என்று நர்ஸ் கன்னடத்தில் கொஞ்சினார். அம்மா கெஞ்சினாள். நான் பொத்தான்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று டாக்டர் எழுந்தே விட்டார்.

துணைக்கு வந்திருந்த மாமா வாட்சைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். பிறகு ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்து, சட்டையைக் கழற்றி என் முன்னால் நின்றார். தோளிலிருந்து மணிக்கட்டுவரை அப்படியே என் தோல்.

ஞாயிறுதோறும் அவர் தட்டில் சாப்பிட்டு, அவர் மடியில் தூங்குகிறவன் நான்.

“மாமா, என்னோடது உங்களுக்கு ஒட்டிக்கிச்சா?”

மாமா ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தார். “அப்படித்தான் வெச்சுக்கயேன். நீ மொதல்ல உள்ள போய் நின்னு பாருடா. நல்லா இருந்தா நானும் வர்றேன்.”

செய்த குற்றத்துக்கு அதையாவது செய்ய வேண்டாமா? சட்டையைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே போனேன். வெளியே மாமா “ஒந்து, எரடு, மூரு” என்று உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்து வந்ததும், நான் தினமும் பூசிக்கொள்ளும் களிம்பில் இனிமேல் பாதி மாமாவுக்கு என்று அறிவித்தேன். அம்மா சிரித்துக்கொண்டே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பெரிய மனுஷன் தோரணையில் அவர் முதுகுக்குக் களிம்பு பூசினேன். அவரும் சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருப்பார். அந்தத் தோல் எங்கள் அம்மா குடும்பத்து வழியில் அவருக்கும் எனக்கும் பிறப்பிலேயே வந்தது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்று அந்த அறையில் சட்டையைக் கழற்ற என்னைவிட அதிகம் பயந்தவர் மாமாதான் என்பது தெரிய இன்னும் வெகுநாளாயிற்று.